ஓமுவின் கண்ணில் எங்கள் மண்

2020 மார்ச் 18-ஆம் தேதி நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஈப்போவில் எங்கள் தாமானில் பாசார் மாலாம் போடும் சாலையில் நாய்கள் நடு ரோட்டிலேயே படுத்துத் தூங்கின. சில வாரங்களில் எல்லா வீட்டுக் கொடியிலும் சட்டைக்குப் பக்கத்தில் துணி முகக்கவசங்கள் காய ஆரம்பித்தன. ஜிப்லி ஸ்டூடியோவின் ஜப்பானிய ஓவியப் படங்கள் அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்துதான் நெட்பிளிக்ஸில் தவணை தவணையாக வந்துகொண்டிருந்தன. பதினொரு வயது மகள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். நானும் கூட உட்கார்ந்துகொண்டேன். ஒரு மாலை ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிக்கா’ ஓடியது.

படம் தொடங்கி இரண்டு நிமிடத்தில் திரையில் எல்லோரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். மகள் என் பக்கம் திரும்பி, “அப்பா, இவங்களுக்கும் கொரோனாவா?” என்றாள்.

அவர்களுக்குக் காடுதான் நோய். மனிதர்கள் தங்களுக்குள் போரிட்டு உலகத்தை எரித்து ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. எரிந்த பூமியில் பூஞ்சைக் காடு ஒன்று பரவிக்கொண்டே வருகிறது. அதன் வித்துத்தூளை மூச்சில் இழுத்தால் ஐந்தே நிமிடத்தில் நுரையீரல் அழுகிவிடும். காட்டைக் காவல் காப்பவை ஓமு என்னும் மலை போன்ற பூச்சிகள். கண்கள் பதினான்கு. அமைதியாக இருக்கும்போது அவை நீலமாக ஒளிரும். சினம் வந்தால் சிவக்கும். ஊர் மக்கள் காட்டைக் கண்டு நடுங்குகிறார்கள், அதை எரித்துவிட நினைக்கிறார்கள். நௌசிக்கா என்ற பெண் மட்டும் அந்த நச்சுச் செடிகளின் வித்துகளை எடுத்துவந்து, கோட்டையின் அடியில் ஒரு ரகசிய அறையில், ஆழ்கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வளர்த்துப் பார்க்கிறாள். சுத்தமான மண்ணும் தண்ணீரும் கிடைத்ததும் அதே செடிகள் விஷம் கக்காமல் பூக்கின்றன. நஞ்சு செடியிலிருந்து வரவில்லை, மண்ணில் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. பிறகு ஒருநாள் புதைமணலில் சிக்கிக் காட்டின் அடிவயிற்றுக்குள் விழுகிறாள். அங்கே முகக்கவசம் தேவைப்படவில்லை. மேலே உள்ள மரங்கள் மண்ணின் நஞ்சை உறிஞ்சித் தம் உடலுக்குள் படிகமாக மாற்றி, கல்லாகிச் செத்து, பொடியாகி உதிர்கின்றன. அந்தப் பொடிதான் அவள் காலடியில் கிடக்கும் வெண்மணல்.

அந்தக் காட்சியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வெண்மணலை நான் பார்த்திருக்கிறேன்.

பத்துகாஜாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். தோட்டத்து எல்லை தாண்டினால் ஈயக்குட்டைகள். குட்டைகளுக்கு நடுவே கண் கூசும் வெள்ளை மணல் மேடுகள். மதியத்தில் அதில் வெறுங்காலோடு நடக்க முடியாது. சின்னச் சின்னப் புதராக லாலாங் புல், அங்கங்கே ஒரு முள்செடி, வேறொன்றும் இல்லை. கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்திலேயே வளமான ஈயவயல் என்று பெயர் வாங்கியது. அந்தப் பெயருக்கு மண் கொடுத்த விலை இந்த மேடுகள்.

ஈயம் எடுப்பது எடையை வைத்துப் பிரிக்கும் வேலை. வெள்ளீயத் தாது சாதாரண மணலைப்போல இரண்டரை மடங்கு கனம். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, சரிவாக நீண்ட மரத் தொட்டியில் ஓடவிட்டால் கனமான தாது அடியில் தங்கும். மணல் வழிந்து போகும். களிமண்ணும் மக்கும் கரைந்து எங்கோ போய்விடும். தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப் பொருளாக நிற்கும் மண் வாரும் கப்பல் 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை இந்த வேலையைத்தான் செய்தது. வழிந்துபோன மணலில் செடிக்கு வேண்டிய சத்து எதுவும் மிஞ்சாது, தண்ணீரும் நிற்காது. தொட்டியின் அடியில் ஈயத்தோடு சேர்ந்து தங்கும் இன்னொரு கனமான கசடு உண்டு. அதற்கு ‘அமாங்’ என்று பெயர். இல்மனைட், சிர்க்கான், மோனசைட், செனோடைம் என்று கருப்பும் பழுப்பும் மஞ்சளுமாகப் பல தாதுக்களின் கலவை அது. கடைசி இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓமுவைப் பற்றிப் பேசவேண்டும். அது நகரும் அழகைப் பார்த்து மகள் படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினாள். உடல் முழுக்க அடுக்கடுக்கான ஓட்டு வளையங்கள். ஊர்ந்து போகும்போது ஒவ்வொரு வளையமும் அடுத்ததற்குள் நுழைந்து வெளிவரும். கம்பளிப்பூச்சி நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடுகிறது. ஜப்பானிய ஓவியப் படங்களில் ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று சட்டங்களுக்கு வைத்திருப்பது வழக்கம். ஆக, ஒரு நொடிக்கு எட்டோ பன்னிரண்டோ ஓவியங்கள். மீதியை நம் மூளை நிரப்பிக்கொள்கிறது. ஆனால் ஓமு போன்ற உடம்பை, அத்தனை நிழலோடும் சுருக்கத்தோடும், நொடிக்குப் பன்னிரண்டு முறை கையால் வரைய யாராலும் ஆகாது. அதற்காகப் படத்தின் ஓவியர்கள் ஒரு வேலை செய்தார்கள். வளையங்களைத் தனித்தனியாகத் தீட்டி, வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ரப்பரால் இணைத்தார்கள். ஒரு நுனியைக் கொஞ்சம் இழுத்து ஒரு படம், இன்னும் கொஞ்சம் இழுத்து இன்னொரு படம். ரப்பர் எல்லா வளையங்களுக்கும் இழுவையைப் பங்கிட்டுக் கொடுத்தது. அந்த முறைக்கு ‘கோமு மல்ட்டி’ என்று பெயர். கோமு என்றால் ஜப்பானிய மொழியில் ரப்பர்.

ஓமுவை நகர்த்தியது கோமு. பால்மரக் காட்டில் வளர்ந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்லத் தெரியவில்லை.

அப்பா விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போவார். இருட்டில் ஏன் போகவேண்டும் என்று கேட்டதற்கு, வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்றார். அனுபவத்தில் வந்த பேச்சு. காரணம் பிறகு படித்துத் தெரிந்தது. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்களில் விடியுமுன் இருக்கும் அழுத்தம், கார் டயருக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு. வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக விடும். மரத்துக்குள் தண்ணீர் குறையும், அழுத்தம் இறங்கும், பால் சுரக்காது. வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நாடாவாக உரித்து, சுற்றிச் சுற்றிப் பந்து செய்து விளையாடாத தோட்டத்துப் பிள்ளை கிடையாது. தரையில் அடித்தால் கூரைக்கு மேல் போகும்.

அந்தப் பந்துக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வருகிறது? இரும்புச் சுருளை இழுத்தால் அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பை வலிந்து நீட்டுகிறோம். அது திரும்ப இழுக்கிறது. ரப்பரின் கதை வேறு. ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலிகள் அதற்குள் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது அவை தலைவாராத கூந்தல் மாதிரிச் சிக்கலாகச் சுருண்டு கிடக்கும். இழுத்தால் வரிசையாக நிமிரும். வெப்பம் என்பதே மூலக்கூறுகளின் ஓயாத துடிப்பு. துடிக்கும் சங்கிலிக்கு நிமிர்ந்து நிற்க ஒரே ஒரு வழி. சுருண்டு கிடக்க எண்ணற்ற வழிகள். கையை விட்டதும் அது பழையபடி சுருண்டுகொள்கிறது. அந்தச் சுருளல்தான் நம் விரலில் படும் இழுவை. ஆகையால் இழுத்துக் கட்டிய ரப்பரைச் சூடாக்கினால், இரும்பைப்போல நீளாமல் இன்னும் சுருங்கும்.

இதை முதலில் கவனித்தவர் ஜான் கோஃப் என்ற ஆங்கிலேயர். 1805-இல் அவர் குறிப்பு அச்சில் வந்தது. அவருக்குக் கண் பார்வை கிடையாது. ரப்பர்த் துண்டை உதட்டில் வைத்து வெடுக்கென்று இழுத்தார், சூடு தட்டியது. தளரவிட்டார், குளிர்ந்தது. வீட்டில் ரப்பர் வளையம் இருந்தால் நீங்களும் மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். மகளும் நானும் அன்று படத்தைப் பாதியில் நிறுத்தி அரை மணி நேரம் இதைத்தான் செய்தோம்.

கற்பனைப் பூச்சி என்று ஓமுவை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. 2013-இல் வியட்நாம் காட்டில் கண்டெடுத்த வெல்வெட் புழு ஒன்றுக்கு ‘இயோபெரிபாட்டஸ் டோட்டோரோ’ என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். நௌசிக்காவை இயக்கிய மியாசாக்கியின் 1988-ஆம் ஆண்டுப் படமான ‘என் பக்கத்து வீட்டு டோட்டோரோ’வில் வரும் பல கால் பூனைப் பேருந்தை அந்தப் புழு நினைவூட்டியதாம். அதே பேரினத்துப் புழுக்கள் நம் தீபகற்பக் காட்டிலும் உண்டு. ஈப்போவாசிகளுக்கு அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். கெக் லோக் தோங், சாம் போ தோங் குகைக் கோயில்கள் இருக்கும் குனோங் ராப்பாட் சுண்ணாம்பு மலையில் ஒரு நத்தை வாழ்கிறது. ஒரு கடுகைவிடச் சிறியது. பெரும்பாலான நத்தைகளின் ஓடு ஒரே அச்சைச் சுற்றிச் சுருளும். இதன் ஓடு நான்கு அச்சுகளில் திசைமாறித் திசைமாறிச் சுருள்கிறது. நடுநடுவே பழைய சுருளைவிட்டு விலகி, காற்றில் வளைந்து, மறுபடி வந்து ஒட்டுகிறது. 2008-இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள்: ஒபிஸ்தோஸ்டோமா வெர்மிகுலம். அந்த மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இருப்பதாகப் பதிவில்லை. பக்கத்து மலைகளைச் சிமெண்டுக்கும் பளிங்குக்கும் வெடிவைத்து உடைக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நத்தையின் ஞாபகம் வரும்.

இப்போது ஓமுவின் கண்ணுக்கு வருவோம். அந்தச் சிவப்பு நம் வீட்டுத் திரைக்கு எப்படி வந்தது?

மலேசியாவில் வண்ணத் தொலைக்காட்சி 1978 டிசம்பரில் வந்தது. எங்கள் லயத்தில் முதல் வண்ணப் பெட்டி கிராணியார் வீட்டில். அந்தக் காலத்துப் படக்குழாயின் கண்ணாடிக்கு உட்புறம் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வகைப் பொடி பூசியிருப்பார்கள். எலக்ட்ரான்கள் வந்து மோதும்போது பொடி ஒளிரும். உலகில் வண்ணப் பெட்டிகள் வந்த புதிதில் சிவப்பு மட்டும் மங்கலாகவே இருந்தது. அதற்கு ஈடாக மற்ற இரண்டையும் குறைத்துவைத்தார்கள். படமே சோகை பிடித்த மாதிரி இருக்கும். 1960-களின் நடுவில் இட்ரியச் சேர்மத்தில் துளி யூரோப்பியம் கலந்த பொடி வந்தபிறகுதான் சிவப்பு சிவப்பாயிற்று. இட்ரியமும் யூரோப்பியமும் ‘அரிய மண்’ என்று அழைக்கப்படும் தனிமங்களைச் சேர்ந்தவை. இட்ரியத்தின் பாஸ்பேட்தான் செனோடைம். அமாங்கில் இருந்த அதே செனோடைம். இன்று வீட்டிலும் கைப்பேசியிலும் உள்ள பெரும்பாலான வெண்ணிற எல்இடி விளக்குகளும் இட்ரியம் கலந்த பொடியால்தான் வெள்ளையாகத் தெரிகின்றன.

எங்கள் தாத்தா அந்தக் கிராணியார் வீட்டுப் பெட்டியில் ஜப்பான் மொழிச் சத்தம் வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். அவரைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனவர்கள் பேசிய மொழி அது. 1942, 43 ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழரில் திரும்பி வந்தவர்களில் அவர் ஒருவர். மரவள்ளிக் கிழங்கை அவர் கடைசிவரை தொடவில்லை. மியாசாக்கி 1941-இல் பிறந்தவர். அவருடைய குடும்பத் தொழிற்சாலை ஜப்பானியப் போர் விமானங்களுக்குச் சுக்கான் செய்து கொடுத்தது. அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவர் என்ற உறுத்தலை அவர் மறைத்ததில்லை. அவர் படங்களில் ஆயுதம் எவ்வளவு அழகாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அதைக் கண்டு அஞ்சவும் வைக்கிறார். தாத்தா உயிரோடு இருந்திருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து நௌசிக்காவைக் காட்டியிருப்பேன். சத்தத்தை அணைத்துவிட்டாவது.

இனி மோனசைட். ஈப்போவிலிருந்து லஹாட் சாலையில் போனால் புக்கிட் மேரா வரும். அங்கே ஏஷியன் ரேர் எர்த் என்ற ஆலை 1982-இல் இயங்கத் தொடங்கியது. பங்குதாரர்களில் ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலும் ஒன்று. கிந்தாவின் ஈயச் சுரங்கங்கள் தள்ளிவிட்ட அமாங்கிலிருந்து மோனசைட்டைப் பிரித்து, அதிலிருந்து அரிய மண் தனிமங்களை எடுப்பது ஆலையின் வேலை. மோனசைட்டுக்குள் அரிய மண்ணோடு தோரியமும் உண்டு. தோரியம் கதிர்வீசும். தனிமங்களை எடுத்தபின் மிஞ்சும் கழிவில் அது செறிந்திருக்கும். கழிவைப் பப்பான் பக்கத்தில் பள்ளம் தோண்டிப் புதைக்கத் திட்டமிட்டபோது, 1984-இல், ஊரே எழுந்தது. குழந்தைகளுக்கு ரத்தப் புற்று வந்ததாகக் குடும்பங்கள் முறையிட்டன. 1985-இல் புக்கிட் மேரா மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994 ஜனவரியில் நிறுவனம் ஆலையை மூடுவதாக அறிவித்தது. கழிவு பிற்பாடு கிளெடாங் மலைத்தொடரில், பொறியாளர்கள் கட்டிய புதைகுழிக்குள் போயிற்று.

நௌசிக்கா திரைப்படமாகும் முன்பே சித்திரக்கதையாக மாத இதழில் வந்துகொண்டிருந்தது. மியாசாக்கி அதை வரையத் தொடங்கியது 1982-இல். படம் வந்தபிறகும் நிறுத்தாமல் வரைந்து முடித்தது 1994 மார்ச்சில். நஞ்சை விழுங்கும் காட்டைப் பற்றி ஒரு ஜப்பானியர் வரைந்துகொண்டிருந்த பன்னிரண்டு ஆண்டுகளும், ஜப்பானியப் பணம் கலந்த ஓர் ஆலை எங்கள் மண்ணின் நஞ்சைத் தோண்டிக் குவித்த பன்னிரண்டு ஆண்டுகளும் ஒன்றே. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மியாசாக்கியின் மனத்தில் இருந்த ஊர் ஜப்பானின் மினமாட்டா. அங்கே சிஸ்ஸோ நிறுவனத்தின் ரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீன் தின்றவர்களுக்குக் கைகால் இழுத்தது, பேச்சு குழறியது, பார்வை சுருங்கியது. 1956-இல் நோய் வெளியுலகுக்குத் தெரிந்தது. மக்கள் அந்தக் கடலில் மீன்பிடிப்பதை நிறுத்தினார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத விரிகுடாவில் மீன்கள் பெருகின. அந்தச் செய்தி மியாசாக்கியை உலுக்கியது. நௌசிக்காவின் காடு அதிலிருந்து முளைத்தது.

மரம் நஞ்சை உறிஞ்சிப் படிகமாக்கும் என்பது அவருடைய கற்பனை. படம் வந்த 1984-இல் அது கற்பனை மட்டுமே.

எங்கள் ஊர்ச் சாலையோரச் செம்மண் சரிவுகளில் ரேசாம் என்ற பெரணி மண்டிக் கிடக்கும். ஒவ்வொரு தண்டும் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகப் பிரியும். காய்ந்த தண்டை மலாய்க்காரர்கள் ஜாவி எழுத்துக்கு எழுதுகோலாகச் சீவியிருக்கிறார்கள். பல செடிகள் பிழைக்காத, புளித்த, சத்தில்லாத மண்ணில்தான் இது குஷியாக வளரும். அதன் இலைகளைச் சோதித்த சீன விஞ்ஞானிகள் ஒன்றைக் கண்டார்கள். அரிய மண் உள்ள இடத்தில் வளர்ந்தால், காய்ந்த இலையின் எடையில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குவரை அந்தத் தனிமங்கள் சேர்ந்துவிடுகின்றன. பெரும்பாலான செடிகள் வேரிலேயே தடுத்து நிறுத்தும் பொருளை இது இலைவரை ஏற்றிச் சேமிக்கிறது. சுண்ணாம்புப் பாறையிலும் பழைய சுவர்ச் சாந்திலும் முளைக்கும் இன்னொரு பெரணி, டெரிஸ் விட்டாட்டா, ஆர்செனிக்கை இதேபோல இலையில் குவிக்கும். புளோரிடா பல்கலைக்கழகத்து லீனா மாவும் கூட்டாளிகளும் 2001-இல் ‘நேச்சர்’ இதழில் அதை எழுதினார்கள்.

2025-இல் வந்த செய்திதான் என்னை இந்தக் கட்டுரை எழுத உட்காரவைத்தது. தென் சீனாவில் அரிய மண் கிடைக்கும் இடத்தில் வளரும் பிளெக்னம் ஓரியண்டேல் என்ற பெரணியின் இலைகளை விஞ்ஞானிகள் மின்னணு நுண்நோக்கியில் பார்த்தார்கள். நம் செம்மண் மேடுகளிலும் சர்வ சாதாரணமாக இருப்பது அது. கொழுந்து இலை செம்பு நிறத்தில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். இலைக்குள், செல்களுக்கு வெளியே, மிக நுண்ணிய படிகங்கள் இருந்தன. மோனசைட் படிகங்கள்.

மோனசைட் பூமிக்கடியில் பல நூறு பாகை வெப்பத்தில் கற்குழம்பு இறுகும்போது உண்டாகும் தாது. அதை ஒரு பெரணி, வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டு, சாதாரண வெப்பநிலையில் தன் இலையில் செய்துவைத்திருக்கிறது. வேர் உறிஞ்சிய தண்ணீரில் கரைந்து வரும் அரிய மண் செடிக்கு நஞ்சு. அதை இலையிலுள்ள பாஸ்பேட்டோடு சேர்த்துக் கரையாத படிகமாக இறுக்கிவிட்டால் அது அசையாது, செல்லுக்குள் நுழையாது. பெரணி பிழைத்துக்கொள்ளும். மலையிலிருந்து வரும் மோனசைட்டில் உள்ள தோரியம் இதில் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. புக்கிட் மேராவில் எந்தத் தாதுவைப் பிளந்ததால் அவ்வளவு துயரம் வந்ததோ, அதே தாதுவை ஒரு புதர்ச்செடி நஞ்சை அடக்குவதற்காகக் கட்டிக்கொண்டிருக்கிறது. நௌசிக்கா காட்டின் அடியில் விழுந்து நிமிர்ந்து பார்த்த கல்மரங்கள் எனக்கு அந்த நேரத்தில் திரையிலிருந்து இறங்கி வந்த மாதிரி இருந்தன.

ஆனாலும் இந்தப் படத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. பத்துத் தடவைக்குமேல் பார்த்த பிறகும் அது தீரவில்லை. ஆயிரம் ஆண்டு காத்திருந்தால் காடு எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்று படம் நம்பவைக்கிறது. வேதியியல் அப்படி நடக்காது. தனிமத்தை எந்தச் செடியாலும் அழிக்க முடியாது. பாதரசம் என்றும் பாதரசம்தான். அது எந்தச் சேர்மமாக இருக்கிறது, தண்ணீரில் கரைகிறதா, உடலுக்குள் நுழைகிறதா என்பதில்தான் நஞ்சும் நஞ்சின்மையும் இருக்கின்றன. கந்தகத்தோடு இறுகிய பாதரசம் கல்லாகக் கிடக்கும். மெத்தில் பாதரசமாக மாறினால் கருவிலிருக்கும் குழந்தையையும் விடாது. பெரணி செய்வது நஞ்சைப் பூட்டிவைப்பது. இலை உதிர்ந்து மக்கினால் பூட்டு திறக்கலாம். யாராவது அறுத்து, அள்ளி, பத்திரப்படுத்தவேண்டும். மினமாட்டாவிலும் மீன்கள் தாமாகக் கடலைக் கழுவவில்லை. 1977 முதல் 1990 வரை அடிச்சேற்றை வாரி, கரையோரம் 58 ஹெக்டேருக்கு நிலமாக மூடினார்கள். விரிகுடாவைத் தடுத்திருந்த வலையை 1997-இல்தான் எடுத்தார்கள்.

தோரியத்துக்கோ பெரணியும் போதாது, ஆயிரம் ஆண்டும் போதாது. அதில் பாதி சிதைந்து தீர 1,400 கோடி ஆண்டு ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி. கிளெடாங் மலையில் மூடி வைத்திருப்பதை, மனிதர் என்று யாராவது இருக்கும்வரை, யாராவது ஒருவர் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

மியாசாக்கிக்கும் தம் படத்தின் முடிவில் திருப்தி இல்லை என்பது எனக்கு ஆறுதல். பத்தாண்டு மேலும் வரைந்த சித்திரக்கதையில் அவர் கதையை வேறு திசைக்குத் திருப்பினார். அங்கே அந்தக் காடே முன்னோர்கள் திட்டமிட்டு உருவாக்கியது என்று தெரியவருகிறது. சுத்தமான உலகம் வந்தால் அதில் இந்த மனிதர்கள் உயிர்வாழ முடியுமா என்ற கேள்வியும் எழுகிறது. படத்தைவிடக் கடினமான கதை, படத்தைவிட உண்மையான கதை என்பது என் எண்ணம். ‘ஸ்பிரிட்டட் அவே’ 2003-இல் ஆஸ்கார் வாங்கியது. உலகம் அதைத்தான் உச்சம் என்கிறது. சேறு பூசி வரும் நதித்தெய்வத்தின் உடம்பிலிருந்து சைக்கிளைப் பிடுங்கும் காட்சியைக் கிந்தா ஆற்றங்கரையில் இருந்துகொண்டு பார்க்கும் எவருக்கும் தொண்டை அடைக்கும். டோட்டோரோவின் கற்பூர மரத்தைப் பார்த்தபோது தோட்டத்து எல்லையில் சூலம் நட்ட முனியாண்டி மரம் ஞாபகத்துக்கு வந்தது. ‘ஆகாயக் கோட்டை லபுட்டா’வின் சுரங்க ஊர், வேல்ஸ் நாட்டு நிலக்கரித் தொழிலாளர்களின் போராட்டத்தை நேரில் பார்த்துவிட்டு வந்து வரைந்தது. உலக ஈயச் சந்தை 1985 அக்டோபரில் சரிந்து, கிந்தாவின் சுரங்கங்கள் வரிசையாகச் சாத்தப்பட்டுக்கொண்டிருந்த 1986-இல்தான் அதுவும் வெளிவந்தது. எல்லாவற்றையும் நேசிக்கிறேன். ஆனாலும் நௌசிக்காவைத்தான் முதலில் வைப்பேன். அழகில்லாத காட்டை உற்றுப் பார்க்கச் சொன்ன படம் அது ஒன்றுதான். மற்றப் படங்களில் காடு பார்த்தவுடனே பிடித்துப்போகும். இதில் ஒரு பெண் சோதனைக் குழாயில் வித்தை எடுத்து, தண்ணீரை மாற்றி ஊற்றிப் பார்த்து, தான் கண்டதை நம்புகிறாள். விஞ்ஞானி ஒருத்தியைக் கதாநாயகியாக வைத்த படம் என்றே அதைச் சொல்வேன்.

நான் பிறந்த தோட்டத்தில் இப்போது பால்மரம் இல்லை. முதலில் செம்பனை வந்தது; பிறகு பாதி நிலம் தாமான் ஆயிற்று. முனியாண்டி கோயில் மட்டும் ஒரு சாலை முனையில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. போன மாதம் மகளோடு போயிருந்தேன். அவளுக்குப் பதினாறு வயது முடிந்துவிட்டது. திரும்பும் வழியில் கிளெடாங் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். சாலைக்காக வெட்டிவிட்ட செம்மண் சரிவு, முழுக்க ரேசாம். இடுப்பளவு உயரம், உள்ளே கை நுழைய இடமில்லை. மேலே பச்சை இலைகள். அவற்றுக்குக் கீழே காய்ந்தும் உதிராமல் தொங்கும் பழைய இலைகள், அடுக்கடுக்காக.

அவள் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தண்டுகளை விலக்கித் தலையை உள்ளே விட்டாள். “இங்க குளுகுளுன்னு இருக்குப்பா,” என்றாள். நானும் குனிந்தேன். வெளியே செம்மண் வெயிலில் வெடித்துக் கிடந்தது. உள்ளே ஈரம். அவள் நகத்தால் மண்ணைக் கீறினாள். சிவப்புக்கு மேலே, ஒரு விரல் கனத்துக்கு, கருப்பாக மண் படிந்திருந்தது.